துரை தலை சாய்த்த பலகை

என் அக்காவுக்குத் தெருவில் வைத்த பெயர் ஜிப்பக்கா. பையில் ஜிப் போனாலும் கால்சட்டையில் ஜிப் போனாலும் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். பதினாறு வயதில் தையல் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது. நடுவில் கல்யாணம் வந்தது, முட்டி வலி வந்தது, மூக்குக்கண்ணாடி வந்தது. மெஷின் மட்டும் அதேதான். நாள் முழுக்க நாலைந்து குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருப்பாள். யார் என்ன கேட்டாலும் "ம்" என்பதுதான் பதில். வாயில் ஊசியோடு யாரும் சண்டை போட முடியாது. உன் கல்யாணம் இருபத்தைந்து வருஷம் ஓடிய ரகசியமே அதுதான் என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு. அதற்கும் "ம்" என்பாள்.

அவள் வீட்டுக்காரரைத் தெருவே துரை என்றுதான் சொல்லும். லாரிகளை எடை போடும் இடத்தில் சீட்டு எழுதுகிற வேலை. நடை மட்டும் ஊரையே விலைக்கு வாங்கிய நடை. எனக்கு அத்தான் முறை. முகத்துக்கு நேரே அத்தான் என்பேன், முதுகுக்குப் பின்னால் நானும் துரை என்றுதான் சொல்வேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு பழைய விடுதியை இடித்தார்கள். அதன் மதுக்கூடத்துச் சுவரில் அடித்திருந்த கருப்பு மரப்பலகைகளை ஒரு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார் துரை. யார் யாரோ குடித்து, புகைத்து, இருமி, துடைத்த பலகைகள். அதைக் கொண்டுவந்து வீட்டின் முன்னறையில் நாலு பக்கமும் திருகு போட்டு அடித்தார். தரையிலிருந்து கூரைக்கு ஒரு சாண் மிச்சம். வக்கீல் ஆபீஸ் மாதிரி கம்பீரமாக இருக்கிறது என்று அவரே சொல்லி அவரே தலையாட்டிக்கொண்டார்.

எனக்கு அது சவப்பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அந்த அறைதான் அக்காவின் வேலை இடமும். படுக்கையறையில் கட்டிலைப் போட்டதும் கதவே முழுசாகத் திறக்காது. அடுப்படியில் மெஷின் போட்டால் துணியில் எண்ணெய்ப் புகை ஏறும். ஆக முன்னறையில் ஜன்னலோரம் அவள் மெஷின், எதிர்மூலையில் துரையின் சாய்வு நாற்காலி, நடுவில் டிவி. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். இரண்டு ட்யூப்லைட் போட்டாள். டிவியில் பளபளப்பு அடிக்கிறது என்று அதில் ஒன்றைத் துரை கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டார். மிச்சமிருந்த ஒன்றின் வெளிச்சத்தை அந்தப் பலகைகள் குடித்துத் தீர்த்தன.

துரை வேலை முடிந்து வந்தால் நாற்காலியில் சாய்ந்து, தலையைப் பின்னாலிருக்கும் பலகையில் முட்டுக்கொடுத்து, ஒன்று அணைவதற்குள் இன்னொன்றாகச் சிகரெட் பிடிப்பார். தலைக்கு எண்ணெய் வழிய வழியத் தேய்க்கிற ஆள். அவர் தலை படும் இடத்தில் பலகை மற்ற இடத்தைவிடக் கருத்து, ஈரம் போல மினுங்கும். விரலால் தொட்டால் ஒட்டும். நான் ஒரே ஒரு தடவை தொட்டிருக்கிறேன். அன்று சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன்.

நான் அவ்வளவு சுலபத்தில் முகம் சுளிக்கிறவள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்பும் விடுதி விரிப்பும் மூட்டை மூட்டையாக வரும். மனுஷ உடம்பிலிருந்து என்னென்ன வெளியே வரும் என்பதைப் பத்தொன்பது வருஷமாகப் பிரித்து, முகர்ந்து, தரம் பிரித்துப் போட்டவள் நான். அந்த மூட்டைகளை அவிழ்த்த கையோடு போய்ச் சாப்பிட உட்காருவேன். அந்த முன்னறையில் மட்டும் என்னால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாது.

அக்கா அந்தப் பலகைகளுக்கு மாதம் தவறாமல் சேவகம் செய்தாள். முதல் தேதி ஆனால் துரை ஒரு டின் மர எண்ணெயை எடுத்து நீட்டுவார். மரம் என்றால் எண்ணெய் காட்டணும், இல்லாவிட்டால் செத்துவிடும் என்பார். அவள் முட்டி வலியோடு ஸ்டூலில் ஏறி, ஒரு பழைய துணியால் நாலு சுவரையும் தேய்த்து மெருகேற்றுவாள். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி விட்டுப்போன இடத்தைக் கால் கட்டைவிரலால் காட்டுவார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் அக்காவின் கண் ஓடவில்லை. வழக்கமாக அவளுக்குத் துணி கொடுக்கும் தையல்கடையிலிருந்து போன மாதம் ஒரு கருப்புக் கோட்டு திரும்பி வந்தது. கையும் உடம்பும் சேரும் தையல் முழுக்கக் கருநீல நூல். வெளிச்சத்தில் பார்த்தால் எறும்பு ஊர்ந்த தடம் போலத் தெரிந்தது. கடைக்காரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் தைத்துத் தரும்படி ஆறு கருப்புக் கோட்டுகளை வெட்டிக் கொடுத்து, இது சரியாக வந்தால் வேலை தொடரும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

முப்பத்து மூன்று வருஷத் தொழில் ஆறு கோட்டில் வந்து நின்றது. அக்கா என்னைக் கூப்பிட்டு, வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துத் தலையணை போன்ற அந்தச் சின்ன ஊசிப்பையில் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டுச் சொன்னாள்.

"இந்தச் சுவரை வெள்ளையா அடிச்சிடலாம். அவர் இந்தப் புதன்கிழமை தம்பி வீட்டுக்குப் போறார். ஞாயித்துக்கிழமைதான் வருவார். நீ லீவு போட முடியுமா?"

அவள் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பேச்சை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. உடனே லீவு போட்டேன்.

பெயின்ட் கடைக்காரர், எதன் மேல் அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பழைய பலகை என்றேன். அப்படியென்றால் முதலில் சலவைச் சோடா போட்டுக் கழுவணும், பிறகு உப்புத்தாள் தேய்க்கணும், பிறகு கறை ஏறி வராமல் தடுக்கிற பிரைமர் அடிக்கணும், கடைசியில்தான் பெயின்ட் என்று வரிசையாகச் சொன்னார். அந்தச் சுவரைக் கையால் கழுவ என்னால் ஆகாது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வெள்ளைப் பெயின்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். கழுவலாமே என்று அக்கா தயங்கியபோது, மேலே வெள்ளை வந்துவிட்டால் அடியில் என்ன இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். எங்கள் சலவை நிலையத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லித்தருகிற பாடமே, கறை போகாத துணியை இஸ்திரி மேஜைக்கு அனுப்பாதே என்பதுதான். ஊருக்குத்தான் உபதேசம்.

துரை புதன்கிழமை காலை கிளம்பினார். அவர் போன அரைமணி நேரத்தில் நாற்காலியையும் டிவியையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். சாயங்காலத்துக்குள் நாலு சுவரும் வெள்ளை. அலமாரி மேலிருந்த ட்யூப்லைட்டைத் திரும்ப மாட்டினேன். அறை ஒரேயடியாகப் பெரிதாகிவிட்டது. அக்கா மெஷினில் உட்கார்ந்து, கருப்பு நூல்கண்டையும் கருநீல நூல்கண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்து ஒரே குத்தில் நூலைக் கோர்த்தாள். கோர்த்த ஊசியை என்னிடம் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, பெயின்ட் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினேன்.

காலையில் பார்த்தால் சுவர் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. பலகைக்குப் பலகை நடுவிலிருக்கும் பள்ளத்திலெல்லாம் மஞ்சளும் பழுப்புமாக நீர்க்கோடுகள் இறங்கியிருந்தன. நடுநடுவே எச்சில் துப்பியது போலத் திட்டுகள். சாய்வு நாற்காலி இருந்த மூலையில், ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்தில், வட்டமாக, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பழுப்பு. துரையின் தலை.

இன்னொரு பூச்சு அடித்தோம். காய்வதற்குள் தலை திரும்பி வந்தது. அந்த இடத்தில் மட்டும் நான் மூன்று தடவை அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். வெள்ளிக்கிழமை காலை மறுபடி அதே வட்டம், இந்தத் தடவை ஓரத்தில் பெயின்ட் சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நகத்தால் சும்மா ஒரு கிள்ளு கிள்ளினேன். கொப்புளம் காய்ந்த தோல் மாதிரி ஒரு கை அகலத்துக்கு உரிந்து என் விரலோடு வந்துவிட்டது. அதன் பின்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று என்னவோ ஒட்டியிருந்தது. பழைய புகையும் பழைய மண்டையும் கலந்த வாடை. நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பத்தொன்பது வருஷ சலவை அனுபவம் அன்றோடு சந்தி சிரித்தது.

பெயின்ட் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே பிரைமர் டின்னை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார்.

"அடியில இருக்கிறதை எடுக்காம மேல எத்தனை பூசினாலும் ஏறி வரும்மா. சிகரெட் புகை அப்படி. எண்ணெய் அதைவிட மோசம். உரிச்சுட்டுக் கழுவுங்க."

உரிப்பது சுலபமாக இருந்தது; எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எதுவும் பிடித்திருக்கவில்லை. பலகை பலகையாகத் தோல் உரித்தோம். பிறகு வாளியில் கொதிக்கிற தண்ணீர், அதில் சோடா, கையில் உறை, மூக்கில் துணி. முதல் துடைப்பிலேயே வாளித் தண்ணீர் கொதித்து வற்றிய தேயிலைச் சாறு போல ஆனது. பத்தாவது வாளியிலும் அதே நிறம்தான். சுவரில் வழிந்து இறங்கி, முழங்கை வழியாக உறைக்குள் புகுந்து, உள்ளங்கையில் வெதுவெதுவென்று தேங்கும். சாக்கடையில் கொட்டினால் மேலே நுரை பழுப்பாக மிதக்கும். துரையை மட்டுமில்லாமல், அந்த மதுக்கூடத்தில் முப்பது நாற்பது வருஷம் உட்கார்ந்து ஊதிவிட்டுப் போன முகம் தெரியாத அத்தனை பேரையும் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லோரையும் திட்டிவிட்டு, புதன்கிழமையே இதைச் செய்யாத என்னையும் திட்டிக்கொண்டேன். இரண்டு நாள் போனது என்னால். ஆறு கோட்டும் வெட்டியது வெட்டியபடி கட்டில் மேல் கிடந்தன.

சனிக்கிழமை மத்தியானம், கடைசியாக அந்தத் தலை இருந்த பலகைக்கு வந்தோம். நான் செய்கிறேன் என்று அக்கா ஒரு மழுங்கின கத்தியை எடுத்துக்கொண்டாள். சுரண்டச் சுரண்ட மெழுகு போலச் சுருள் சுருளாக வந்தது. ஒரு சுருளை விரலில் உருட்டிப் பார்த்தாள். வெட்டின இடத்தில் கோடு கோடாக இருந்தது. கருப்பாக ஒரு கோடு, மஞ்சளாக ஒரு கோடு, மறுபடி கருப்பு. அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"கருப்பு அவரோடது. இந்த மஞ்சள் என்னோடது."

எனக்குப் புரியவில்லை. என்ன என்று கேட்டேன்.

"மாசா மாசம் எண்ணெய் தேச்சேன்ல. அவர் ஊதினதைப் போகவிடாம மூடி மூடி வச்சிருக்கேன். இருபத்திரண்டு வருஷம். பாதி அழுக்கு நான் பூசினது."

அப்போது அவள் வாயில் குண்டூசி எதுவும் இல்லை. சுருளைச் சாக்கடையில் போட்டாள். அலமாரியைத் திறந்து எண்ணெய் டின்னையும் அந்தப் பழைய துணியையும் வெளியே எடுத்தாள். தூக்கி எறியப் போகிறாள் என்று நினைத்தேன். எறியவில்லை. கொல்லைக் கதவுக்கு வெளியே ஒரு செங்கல் மேல் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவளுக்குப் புத்தியே வராது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் உப்புத்தாள் தேய்த்துப் பிரைமர் அடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளை ஒரு பூச்சு, மத்தியானம் இன்னொன்று. நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த மூலையைப் போய்ப் பார்த்தேன். தலை வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. அக்கா அன்றைக்கே முதல் கருப்புக் கோட்டை மெஷினில் ஏற்றிவிட்டாள். டிவியையும் நாற்காலியையும் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் துரை வந்தார். பையை வாசலில் வைத்தார். நாலு சுவரையும் மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். அக்கா ஊசிகளைக் கவ்விக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்துகிற ரகம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குள் வந்தது போல இருக்கிறது என்றார். கண் கூசுகிறது என்றார். பெயின்ட் நாற்றத்தில் தலை வலிக்கிறது என்றார். கடைசியில் பொறுத்துப்போகிற மகான் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, வழக்கம் போலத் தலையைப் பின்னால் சாய்த்தார்.

ஈரம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ஒரு புகை ஊதிவிட்டுச் சொன்னார்.

"எல்லாத்தையும் அடிச்சீங்க சரி. என் இடத்தையாவது தொடாம விட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தினார். பின்னால் பலகையில், சரியாக அதே உயரத்தில், எண்ணெயும் வெள்ளையும் குழைந்து புத்தம்புதிதாக ஒரு வட்டம். அதில் நாலைந்து முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய பின்மண்டை சுண்ணாம்புச் சட்டிக்குள் விழுந்து எழுந்தது போல இருந்தது. இரண்டு நாள் உறைக்குள் தேங்கின அந்த வெதுவெதுப்பு என் உள்ளங்கையில் மறுபடி வந்தது. அந்தக் கணம் என் கையில் கத்தி இல்லாதது எல்லோருக்கும் நல்லது.

மெஷின் நின்றது. அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக ஊசிப்பையில் குத்தினாள். மெஷின் டிராயரிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் எழுந்திருங்க என்றாள். அவரும் என்னவோ ஏதோ என்று எழுந்தார். நாற்காலியை ஒதுக்கிவிட்டு, அந்த ஒரு பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எட்டுத் திருகு. மேலிருப்பவற்றை ஸ்டூலில் ஏறிக் கழற்றினாள். நான் போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். பலகை வந்தது. பின்னாலிருந்து கரப்பான் முட்டைகளும் எச்சமும் பொலபொலவென்று கொட்டின. அதற்கும் பின்னால் பழைய சுவர், வெளிர்பச்சை நிறத்தில், ஒரு கறை இல்லாமல் இருந்தது.

நானும் அவளும் பலகையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனோம். வெளிச்சுவரில் அதைச் சாய்த்து நிறுத்தினாள். திரும்பி வந்து சாய்வு நாற்காலியையும் இழுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் போட்டாள். துரை சிகரெட்டும் கையுமாகப் பின்னாலேயே வந்து நின்றார்.

"உங்க இடம் இது. இனிமே நான் தொடமாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்க் கரப்பான் எச்சத்தைப் பெருக்கி அள்ளினாள், கை கழுவினாள், மெஷினில் உட்கார்ந்தாள். அவர் அடுத்த சிகரெட்டை அந்த நாற்காலியில் உட்கார்ந்தே பற்றவைத்தார். மறுநாள் வெள்ளை மண்டையோடு வேலைக்குப் போனார். நாங்கள் யாரும் சொல்லவில்லை. லாரிக்காரர்கள் சொல்லியிருப்பார்கள்.

புதன்கிழமை நான்தான் அக்காவோடு தையல்கடைக்குப் போனேன். கடைக்காரம்மா ஆறு கோட்டையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்து, தையலை இரண்டு பக்கமும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஆறாவதை மடித்துவைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பெரிய மூட்டையைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா "ம்" என்றாள்.

அடுத்த முதல் தேதி நான் அங்கேதான் இருந்தேன். அந்த முன்னறையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். திருகு கழற்றின இடத்தில் வெளிர்பச்சையாக ஒரு பட்டை அப்படியே இருந்தது; அதை அடிக்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். கொல்லையிலிருந்து துரையின் குரல் வந்தது.

"இன்னைக்கு முதல் தேதி. பலகைக்கு எண்ணெய் காட்டணும், ஞாபகம் இருக்கா?"

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. வாயிலிருந்த ஊசிகளை மட்டும் எடுத்தாள்.

"டின்னும் துணியும் உங்க பக்கத்துலதான் செங்கல் மேல இருக்கு. மேல எட்டலைன்னா ஸ்டூல் எடுத்துக்கங்க."

வெளியே நாற்காலி நகர்ந்தது. பிறகு டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா ஊசிகளை மறுபடி உதட்டில் கவ்விக்கொண்டு, கருப்பு நூலை எடுத்துக் கோர்த்தாள்.